கறுப்பு பொருக்கு கண்டால் உஷார்! உண்ணிக் காய்ச்சலை அடக்கும் 'டாக்சிசைக்ளின்' வேலை செய்வது எப்படி?

ஆலங்குளம்:-

மழை ஓய்ந்ததும் ஆலங்குளம் வட்டார கிராமங்களில் வரப்பு, தோட்டம், குளத்தங்கரை எல்லாம் புதர் மண்டிவிடும். களை எடுக்க, புல் அறுக்க, ஆடு மேய்க்க போகிறவர்கள் காய்ச்சல் வந்தால், "சும்மா காய்ச்சல்தானே, ரெண்டு மாத்திரை போட்டா சரியாயிடும்" என்று மெடிக்கலில் வாங்கி விழுங்கிவிட்டு மறுநாள் வேலைக்கு கிளம்பிவிடுவது உண்டு. அது உண்ணிக் காய்ச்சலாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

'ஸ்கிரப் டைபஸ்' எனப்படும் இந்த காய்ச்சல், புதரில் இருக்கும் பொடி உண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல கறுப்பு பொருக்கு இருக்கும். வலிக்காது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் மறைந்திருக்கும். சிலருக்கு பொருக்கே இருக்காது.

அமாக்சிசிலின் கேட்காது

பென்சிலின் வகை மருந்துகள் கிருமியின் சுவரை உடைப்பவை. இந்த கிருமிக்கு அந்த சுவர் பெயரளவுக்குத்தான். போதாக்குறைக்கு நம் செல்லுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ளும். அதனால் அமாக்சிசிலின் எத்தனை போட்டாலும் பலன் இல்லை.

டெட்ராசைக்ளின் குடும்பத்தை சேர்ந்த டாக்சிசைக்ளின் அப்படி அல்ல. செல்லுக்குள் நுழைந்து, கிருமி புரதம் தயாரிக்கும் இடத்தையே அடைத்துவிடும். இலையும் தூளும் இருந்தும் சுருட்டுகிற கையை கட்டிப்போட்டால் பீடி வருமா? அதே கதைதான். கிருமி பெருக முடியாமல் நின்றுபோகும். மிச்சத்தை உடம்பின் எதிர்ப்பு சக்தி தீர்த்துக்கட்டும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தக்கூடாது என்பது இதனால்தான்.

எலிக்காய்ச்சல், காலராவுக்கும் இது கொடுக்கப்படுகிறது. டெங்கு வைரசிடம் பலிக்காது.

சென்னையில் படித்தவர்

இந்த குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948-ல் அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் இருந்து வெளிவந்தது. அங்கு ஆராய்ச்சி இயக்குனராக இருந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவ கல்லூரியில் படித்தவர்.

நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினுடன் அசித்ரோமைசினும் சேர்த்து ஊசியாக ஏற்றினால் பலன் அதிகம் என்பதை, வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் தலைமையில் 794 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023-ல் காட்டியது. கர்ப்பிணிகளுக்கு பெரும்பாலும் அசித்ரோமைசின்தான்.

மாத்திரையை நிறைய தண்ணீருடன் விழுங்க வேண்டும். போட்டதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். சத்து மாத்திரை, அல்சர் மருந்துடன் சேர்த்து போட்டால் வேலை செய்யாது.

காய்ச்சல் விடாமல் அடித்தால் தாமதிக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்கு போங்க. "காட்டு வேலைக்கு போனேன்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க. பொருக்கு இருந்தால் வெட்கப்படாமல் காட்டுங்க. சரியான மருந்து சரியான நேரத்தில் கிடைத்தால் பெரும்பாலானோருக்கு 2 நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.