வறட்சி தாங்கும் குணம் யாருக்குச் சொந்தம்?

ரமணாசிரமம் பக்கத்தில் நாங்கள் கூடுகிற விதைப் பகிர்வுக் கூட்டத்தில், செங்கம் பக்கமிருந்து வந்த ஒரு அக்கா கேட்டாங்க: “வறட்சி தாங்குற குணத்துக்கே கம்பெனிக்காரன் காப்புரிமை வாங்கிட்டான்னா, நம்ம கேழ்வரகுக்கும் அவன்கிட்ட போய் நிக்கணுமா தம்பி?” நல்ல கேள்வி. மானாவாரியில் மல்லாட்டையும் சாமையும் போடுகிற நம்ம மாவட்டத்துக்கு இதைவிடப் பெரிய கேள்வி ஏது? அப்படி ஒரு விண்ணப்பம் உண்மையிலேயே நம் நாட்டுக்கு வந்தது. மேல்முறையீட்டில் அதைத் தள்ளுபடி செய்தவர் சென்னைக்காரர், நீதிபதி பிரபா ஸ்ரீதேவன்.

2000 முதல் 2010 வரை சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். 2009இல் விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் உழைப்புக்கும் மதிப்புண்டு, அதைக் கணக்கில் எடுக்கணும் என்று எழுதினார். களை எடுத்து, நாற்று நட்டு, வீட்டுக்கு வந்து உலையும் வைக்கிற நம்ம வீட்டுப் பெண்களை நினைத்துக்கொண்டு அந்தத் தீர்ப்பைப் படிக்கலாம். அது தனிக்கதை. ஓய்வுக்குப் பிறகு ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இவர்தான்.

காப்புரிமை விஷயத்தில் இவர் பெயர் முதலில் அடிபட்டது 2007இல். நோவார்டிஸ் என்ற சுவிஸ் கம்பெனியின் ரத்தப் புற்றுநோய் மருந்து கிளிவெக். மாதத்துக்குச் சுமார் 1.2 லட்சம் ரூபாய். அதே மருந்தை நம் நாட்டுக் கம்பெனிகள் 10,000 ரூபாய்க்குள் கொடுத்தன. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஏற்கெனவே தெரிந்த பொருளைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு வந்து, பலன் கூடாமல், புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்லக்கூடாது. தெரிந்த பொருளுக்குப் புதுப் பயன் சொன்னாலும் அது கண்டுபிடிப்பாகாது. இந்தப் பிரிவே செல்லாது என்று நோவார்டிஸ் வழக்குப் போட்டது. நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு 2007 ஆகஸ்ட் 6 அன்று வழக்கைத் தள்ளுபடி செய்தது.

மருந்துக் கதை நமக்கெதுக்கு என்று கேட்காதீங்க. அதே 3(டி) தான் பிறகு வயலுக்கும் வந்தது.

2011இல் அவர் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தின் தலைவரானார். காப்புரிமை அலுவலகத்தின் முடிவை ஏற்காதவர்கள் போகும் இடம் அது. தலைமையகம் சென்னையிலேயே இருந்தது. 2013 மார்ச்சில் பேயர் கம்பெனியின் புற்றுநோய் மருந்து வழக்கு. மாதம் 2.8 லட்சம் ரூபாய் மருந்தை நாட்கோ கம்பெனி 8,800 ரூபாய்க்குத் தயாரிக்கக் கொடுத்திருந்த கட்டாய உரிமத்தை வாரியம் உறுதி செய்தது. ஆனால் பேயருக்கு நாட்கோ கொடுக்கவேண்டிய உரிமத்தொகையை 6 சதவீதத்திலிருந்து 7 ஆக உயர்த்தவும் செய்தது. கம்பெனி என்றாலே எதிராகத் தீர்ப்பு எழுதுகிறவர் இல்லை இவர்.

அந்த ஆண்டு ஜூலை 5 அன்று வந்தது மான்சான்டோ வழக்குத் தீர்ப்பு. குளிர் அதிர்ச்சியில் பாக்டீரியா உண்டாக்கும் ஒரு புரதத்தின் மரபணுவைச் செடிக்குள் புகுத்தி, வெப்பம், உப்பு, வறட்சி தாங்கும் செடியை உருவாக்கும் முறைக்கு அந்தக் கம்பெனி காப்புரிமை கேட்டது. காப்புரிமை அலுவலகம் மறுத்தது. கம்பெனி வாரியத்துக்கு வந்தது. அந்தப் புரதத்தின் வேலை ஏற்கெனவே தெரிந்ததுதான், அதைச் செடியில் பயன்படுத்துவதில் புத்தாக்கம் இல்லை, 3(டி)யும் தடுக்கிறது என்று வாரியம் முறையீட்டைத் தள்ளியது.

ஆனா ஒரு விஷயத்தை நம்ம ஆட்கள் மேடையில் சொல்லாமல் விட்டுடறாங்க. செடி, விதை, இயல்பான உயிரியல் முறைகள் இவற்றுக்குக் காப்புரிமை கிடையாது என்பது 3(ஜே) பிரிவு. அந்தப் பிரிவு இங்கே பொருந்தாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. செடியின் செல்லில் மனிதர் கைவைத்து மாற்றியிருக்கிறார், அதனால் இயல்பான முறை என்று இதைச் சொல்ல முடியாது என்பது வாரியத்தின் காரணம். எனக்கு இதில் உடன்பாடில்லை. செல்லில் கைவைத்த பிறகு அது முளைப்பதும் வளர்வதும் யார் செய்த வேலை? ஆனால் தீர்ப்பு அதுதான். கதவு முழுசா மூடலை.

பிறகு பி.டி. பருத்தி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் 3(ஜே)யைக் காட்டி மான்சான்டோவின் காப்புரிமை செல்லாது என்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. கடைசியில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. கேள்வி அப்படியே நிற்கிறது.

கதவு திறந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் பார்க்கலாம். அங்கே காப்புரிமை மேல்முறையீடுகளை 1982 முதல் ஒரு தனி கூட்டாட்சி நீதிமன்றம் விசாரிக்கிறது. இண்டியானா மாநில உழவர் வெர்னான் போமன், தானியக் கொள்முதல் நிலையத்தில் விற்ற சோயாவை வாங்கி விதைத்தார். அதிலிருந்து விதை எடுத்தும் வைத்தார். அந்த நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றமும் 2013 மே 13 அன்று ஒருமனதாக அதையே சொன்னது. அவர் தலையில் விழுந்தது 84,456 டாலர். இங்கே மான்சான்டோ தோற்றது அதற்கு இரண்டே மாதம் கழித்து.

அந்த வாரியம் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டது. இப்போது மேல்முறையீடுகள் உயர் நீதிமன்றங்களுக்குப் போகின்றன. சென்னையில் அதற்கென்று தனிப்பிரிவு 2023 முதல் இயங்குகிறது.

அக்காவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: காப்புரிமை கிடைச்சிருந்தாலும் உங்க கேழ்வரகை அது நேரடியா தொட்டிருக்காது. விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்க உங்களுக்கு உரிமை உண்டு. கம்பெனிப் பெயர் போட்டு மட்டும் விற்கக்கூடாது. 2001ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. உழவர் ரகத்தைப் பதிவு செய்யக் கட்டணமும் கிடையாது.

அந்த வழக்கில் கம்பெனியைத் தோற்கடித்தது “ஏற்கெனவே தெரிந்தது” என்ற ஒரு வாதம். அதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். களர்பாளை உப்பு தாங்கும், வாடன் சம்பா வறட்சி தாங்கும் என்று நமக்குத் தெரியும். எந்த ஊர், எந்த மண், எத்தனை மழைக்கு என்று எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறோம்? அடுத்த கூட்டத்துக்கு வரும்போது விதையோடு ஒரு நோட்டும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அக்கா வீட்டுக் கேழ்வரகிலிருந்து ஆரம்பிக்கிறோம்.