காணாமல் போன மணல் மெரினாவில் "சிக்கியது"!

வடசென்னை குப்பங்களைக் கடல் விழுங்கியது ஏன்? ஆய்வாளர்கள் துப்பு துலக்கினார்கள்

சென்னை மெரினாவில் காற்று வாங்காதவர்கள் உண்டா? சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் உட்காராதவர்கள்தான் உண்டா?

அந்த மணல் யாருக்குச் சேர வேண்டியது தெரியுமா?

ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போக வேண்டிய மணல்!

கடற்கரை எப்படி மாறுகிறது என்று ஆராய்வதையே வேலையாகக் கொண்ட பேராசிரியர்கள் கண்டுபிடித்த உண்மை இது.

கரை ரேகை

போலீசார் கைரேகை எடுப்பார்கள். இவர்கள் கரை ரேகை எடுக்கிறார்கள்.

பழைய சர்வே படத்தில் கரை எங்கே இருந்தது என்று பார்க்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தை அதன்மேல் பொருத்துகிறார்கள். பிறகு கருவியைத் தூக்கிக்கொண்டு, அலை நனைத்த ஈரக்கோட்டை ஒட்டி நடந்தே அளக்கிறார்கள்.

ஒரு நாள் அளந்தால் போதாது. ஒரே வருஷத்தில் கரை போகும், வரும். போனது திரும்பி வராவிட்டால்தான் அது அரிப்பு. ஆகவே வருஷக்கணக்கில் அளக்க வேண்டும்.

நடந்தது என்ன?

அலைகள் கரையைச் சாய்வாக வந்து அடிக்கின்றன. ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மணலைத் தள்ளிவிட்டுப் போகிறது. சென்னைக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி இந்த மணல் தெற்கே இருந்து வடக்கே ஓடுகிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டும் திரும்பி ஓடும். கூட்டிக் கழித்தால் வடக்கேதான் வரவு அதிகம்.

1875-ல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் கல்சுவர் நீண்டது. மணல் ஓட்டம் தடைப்பட்டது.

தெற்கே மணல் குவிந்து மெரினா அகலமாயிற்று. வடக்கே மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது!

குப்பத்து வீடுகள் போயின. எண்ணூர் கடற்கரைச் சாலையையும் அலை பதம் பார்த்தது.

கல் கொட்டினால் போதுமா?

கருங்கல் கொட்டினார்கள். கல் ரோட்டைக் காப்பாற்றும். மணலைக் கொண்டு வராது. படகு ஏற்றவும் வலை காயப் போடவும் மீனவர்கள் எங்கே போவார்கள்?

2000-க்குப் பிறகு, சென்னை ஐ.ஐ.டி. கடல் பொறியியல் நிபுணர்கள் யோசனைப்படி தூண்டில் வளைவுகள் கட்டப்பட்டன. அவற்றின் இடையே மணல் சேர்ந்தது.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல். ஒரு குப்பம் பிடித்து வைத்த மணல் அடுத்த குப்பத்துக்குப் போகாது. அரிப்பு ஒழியவில்லை, வடக்கே இடம் மாறுகிறது.

சென்னையில் உள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 2018-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 1990 முதல் 2016 வரை இந்தியக் கடற்கரையில் நூற்றுக்கு 33 பங்கு அரிக்கப்பட்டது. 29 பங்கு வளர்ந்தது.

வழி உண்டா?

உண்டு. துறைமுகத்தின் ஒரு பக்கம் தேங்கும் மணலை வாரி, மறுபக்கம் கொண்டுபோய்க் கொட்டுவது. விசாகப்பட்டினத்தில் இப்படிச் செய்திருக்கிறார்கள். செலவு பிடிக்கும். ஒரு தடவை கொட்டிவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது.

கடல் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. போடவும் வேண்டாம். குப்பத்து மணலைக் கடல் திருடவில்லை. வழியில் சுவர் வைத்தது மனிதன்தான்!