சிவப்பும் கறுப்புமாய் ஓர் அட்டை

புதுச்சேரி மூலக்குளம் பக்கம் பழைய தோழர்கள் வீட்டு அலமாரியில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகம் இருந்தால் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் ரஷ்ய மொழியில் தாள் அளவு, எத்தனை பிரதி, என்ன விலை என்று எல்லாம் போட்டிருக்கும். 1920களின் சோவியத் புத்தகங்களிலும் இந்த வழக்கம் உண்டு. சேகரிப்பவர்கள் அட்டையை ரசித்துவிட்டு நேராக அங்கேதான் போவார்கள்.

அந்த அட்டைகளின் அழகுக்குப் பாதிக் காரணம் பற்றாக்குறை. உள்நாட்டுப் போர் முடிந்த சமயம். தாள் மட்டம், மை இரண்டு நிறம். வடிவமைப்பாளர் எல் லிசிட்ஸ்கி ஓவியத்துக்கு பிளாக் செய்யச் சொல்லவில்லை. கம்போசிட்டரின் கேஸில் கிடந்த எழுத்து, ரூல், கட்டைகளையே அடுக்கிப் படமாக்கினார். கவிஞர் மாயகோவ்ஸ்கியின் 13 கவிதைகள் கொண்ட 'குரலுக்காக' (1923, பெர்லின்) அப்படி வந்தது. டெலிபோன் டைரக்டரி போல ஓரத்தில் படிக்கட்டு வெட்டியிருப்பார்கள். வேண்டிய கவிதையைக் கட்டைவிரலால் திறக்கலாம். மேடையில் நின்று படிப்பவருக்கு அது எவ்வளவு வசதி!

இன்னொரு வடிவமைப்பாளரான அலெக்சாந்தர் ரோத்சென்கோ கத்தரிக்கோலை எடுத்தார். அதே ஆண்டில் மாயகோவ்ஸ்கியின் 'இதைப் பற்றி' நூலின் அட்டை முழுக்க கவிஞரின் காதலி லில்யா பிரிக்கின் முகம், நம்மை முறைத்துப் பார்க்கிறது. உள்ளே புகைப்படங்களை வெட்டி ஒட்டிய படங்கள்.

புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் ரோத்சென்கோ கிடைப்பார் என்று போக வேண்டாம். மறுபதிப்புகள்தான் ஏராளம். அச்செழுத்தில் அடித்த பக்கத்தை விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படும். ஆப்செட்டில் அடித்த நகல் வழவழவென்றிருக்கும். அசல் தாள் பழுத்து, மடித்தால் ஒடியும். பைண்டிங் செய்கிறேன் என்று நூலகங்கள் மெல்லிய மேலட்டையைக் கிழித்துப் போட்டதும் உண்டு. அட்டையோடு பிழைத்த பிரதிக்கு மதிப்பு கூடுவது அதனால்தான்.

இந்த அட்டைகளைச் செய்தவர்களின் காலம் நீடிக்கவில்லை. 1932இல் கலைஞர் குழுக்களைக் கம்யூனிஸ்ட் கட்சி கலைத்தது. ஒட்டுப்படத்தில் கைதேர்ந்த குஸ்தாவ் குளுட்சிஸ் 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ரோத்சென்கோ வடிவமைத்த 'உஸ்பெகிஸ்தானின் பத்தாண்டுகள்' (1934) நூலில் இருந்த தலைவர்கள் பலர் மூன்றே ஆண்டில் துரோகிகளாக அறிவிக்கப்பட்டார்கள். அவர்கள் படம் வீட்டில் இருப்பதே ஆபத்து. தன் சொந்தப் பிரதியில் அந்த முகங்களின் மேல் ரோத்சென்கோவே கறுப்பு மை பூசினார். பிற்பாடு அதைக் கண்டெடுத்த டேவிட் கிங்கின் சேகரிப்பு இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழுதில்லாத பிரதியைத்தான் பலரும் தேடுவார்கள்; என்னைக் கேட்டால் அந்த மை பூசிய புத்தகத்தைத்தான் எடுப்பேன்.