கூடியிருந்து பேசலும் உளத்துயர் தணிதலும்

உகண்டா நாட்டிலே, விக்டோரியா ஏரியின் மேற்கே, மசாக்கா, றாக்கை என்னும் இரு மாவட்டங்கள் உள. 1980களில் எயிட்சு நோயாற் பெருஞ்சேதமுற்ற நாட்டுப்புறங்கள் அவை. அந்நோய் கணவரையும் மனைவியரையும் மக்களையும் வாரிக்கொண்டு போக, எஞ்சினோரை வேறொரு துயர் பற்றியது. உண்ணவும் உழவும் மனமின்றிப் பலர் முடங்கினர். உளவைத்தியரோ அந்நாட்டில் மிகச் சிலர்; அவர்தரும் மருந்தோ கிராமத்தார்க்கு எட்டாப் பொருள்.

அங்கு ஆராயச் சென்ற போல் போல்ற்றன் முதலாய அறிஞர் செய்த முதற்காரியம் பாராட்டத்தக்கது. மேனாட்டு நூல்கள் வகுத்த நோய்ப்பெயரைக் கிராமத்தார்மீது ஏற்றாது, அவர்தம் துன்பத்துக்கு அவரே இட்ட பெயர் யாதென வினவினர். லுகண்டா மொழியில் இரு சொற்கள் கிடைத்தன. யொக்வெக்கியாவா என்பது தன்னைத் தான் வெறுத்தல்; ஒக்வெக்குபகிசா என்பது தன்பொருட்டுத் தான் இரங்கல். மனச்சோர்வு என நூலோர் கூறுவதன் குறிகள் பெரும்பாலும் இவ்விரண்டினுள் அடங்கின.

2002 ஆம் ஆண்டில் முப்பது கிராமங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. பதினைந்தில் ஊருக்கொரு குழு அமைந்தது. ஆடவர்க்கு வேறு, பெண்டிர்க்கு வேறு. கிழமைக்கொருமுறை, தொண்ணூறு நிமிடமாக, பதினாறு கிழமைகள் கூடினர். நடத்தியோர் வைத்தியரல்லர், இரு கிழமைப் பயிற்சி பெற்ற அப்பகுதியினரே. இறந்தோர்க்கு இரங்கல், உற்றாரோடு பிணக்கு, வாழ்க்கை நிலைமாற்றம் என்பனவே பேச்சுக்குப் பொருளாயின.

இம்முறை அமெரிக்காவிற் பிறந்தது. அதனை அவ்வாறே அங்கு நட முடியவில்லை. இறந்தாரைக் குறைகூறல் அம்மக்களிடை ஆகாது. ஆதலின், அவரோடு வாழ்ந்த காலத்தில் மனம் நொந்த வேளைகள் உண்டோ என நயமாக வினவ நேர்ந்தது. கணவனை வெளிப்படையாக எதிர்த்துப் பேசாத மனைவி சமையலைக் கெடுத்துத் தன் சினத்தை உணர்த்துவாளாம்! அத்தகைய மறைமொழிகளையும் குழுவினர் மதித்தே ஆராய்ந்தனர்.

பயனை 2003 ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரை கூறுகின்றது. குழு கூடிய ஊர்களில் ஆய்வுக்குட்பட்டோருள் மனச்சோர்வுடையார் நூற்றுக்கு 86 இலிருந்து 6.5 ஆகக் குறைந்தனர். ஏனைய ஊர்களில் 94 ஆனது 54.7 ஆயிற்று. குழுவின்றியும் ஒரு பகுதியினர் தேறினர் என்பதை ஈண்டு மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் இருதிறத்துக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. புத்தி பேதலித்தார்க்கும் தற்கொலையை நாடுவார்க்கும் இத்தகைய குழு மட்டும் போதாது. அவர்க்கு வைத்தியர் வேண்டும்.

இவற்றினும் சிறந்தது பின்னர் நிகழ்ந்தது. பதினாறு கிழமை கழிந்து, நடத்துவோர் விலகிய பின்னும் குழுவினர் பலர் தாமாகவே கூடிவந்தனர். ஆறு மாதத்தின் பின் ஆராய்ந்தபோது பெற்ற நலம் குன்றாதிருந்தது. 2016 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இம்முறைக்கு ஒரு கைநூல் வெளியிட்டது. வைத்தியரல்லாதாரும் பயிற்சி பெற்றுக் குழு நடத்துதற்கு ஏற்ப அந்நூல் அமைந்துள்ளது.