குழந்தையின் எடையும் ஊராட்சியின் பணியும்

ஒரு குழந்தை மெலிந்திருக்கிறது என்பது ஊரார் கண்ணுக்குப் புலப்படும் நாளில், அது மெலியத் தொடங்கிச் சில திங்கள்கள் கழிந்திருக்கும். பயிரின் நுனி கருகும் வரை வயற்பக்கம் போகாத உழவன் இல்லை. ஆயினும் வீட்டுக் குழந்தையைப் பெரும்பாலும் அவ்வாறே பார்க்கின்றோம். அங்கன்வாடியில் உள்ள எடைக்கருவி இக்குறையைப் போக்குவதற்கென்றே வைக்கப்பட்டது. அது காட்டும் எண்ணின் பொருளையும், சிவகாசி வட்டாரத்தில் அதனைப் பயன்படுத்துவதிலுள்ள இடர்களையும் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் வேண்டும்.

2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 22 பேர் வயதிற்கேற்ற எடையின்றியும், 25 பேர் வயதிற்கேற்ற உயரமின்றியும் இருந்தனர். விருதுநகர் தந்த பெருந்தலைவர் காமராசர் 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தை ஏற்படுத்தினார். 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. இவை பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெருந்துணை. ஆனால் ஊட்டக்குறைவு மிகுதியாகத் தாக்குவது ஆறாம் மாதத்திற்கும் இரண்டாம் ஆண்டிற்கும் இடைப்பட்ட பருவத்திலேயாகும். அப்பருவத்துக் குழந்தை தானாக எந்தக் கூடத்திற்கும் நடந்து வந்து தட்டு ஏந்துவதில்லை. அதனை நாம்தான் தேடிச் செல்ல வேண்டும்.

இவ்வாறு தேடிச் செல்லும் முறைக்கு நம் மாநிலமே முன்னோடி. உலக வங்கியின் கடனுதவியுடன் 1980இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பெற்றுப் பின்னர் பல மாவட்டங்களுக்கும் பரவியது. எல்லாக் குழந்தைகளுக்கும் எந்நாளும் உணவளிப்பது அதன் நோக்கமன்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாமல் நின்ற குழந்தைகளை மட்டும் தெரிந்தெடுத்து, ஏறத்தாழ 90 நாட்கள் கூடுதல் உணவு தந்தனர். எடை தேறியதும் நிறுத்தினர். உணவைக் காட்டிலும் தாய்க்குக் கூறும் அறிவுரைக்கே முதலிடம். தாயே தன் குழந்தையின் கோட்டை அட்டையிற் பார்த்தாள். திட்டப் பகுதிகளில் கடுமையான ஊட்டக்குறைவு மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் கூறின. இன்றைய அங்கன்வாடிகளில் நடைபெறும் மாதாந்திர எடைபார்ப்புக்கு இத்திட்டமும் ஒரு வழிகாட்டியாகும்.

எடையைப் படிக்கும் முறை எளிது. பிறப்பெடை 2.5 கிலோவிற்குக் குறைந்தால் அக்குழந்தைக்குத் தனிக் கவனம் தேவை. நன்கு வளரும் குழந்தை ஐந்தாம் மாத அளவில் பிறப்பெடையைப் போல் இருமடங்கும், ஓராண்டில் மும்மடங்கும் எய்தும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகளின்படி ஓராண்டு நிறைந்த ஆண் குழந்தையின் நடுத்தர எடை 9.6 கிலோ, பெண் குழந்தைக்கு 8.9 கிலோ. முறையே 7.7, 7.0 கிலோவிற்குக் கீழ் இருப்பின் அது எடைக்குறைவு. இவ்வெல்லைக் கோட்டை மட்டும் பார்ப்பது போதாது. கோட்டிற்கு மேல் உள்ள குழந்தை மூன்று மாதமாக ஒரே எடையில் நின்றால், அதுவும் எச்சரிக்கையே. ஓராண்டிற்குப் பின் மாதம் சுமார் 200 கிராம் ஏறுவது இயல்பு. பதிவேட்டை நிரப்பி மூடிவிடும் எடைபார்ப்பினால் தராசுக்குத் தேய்மானமே தவிர வேறு பயனில்லை.

இனி நம் பகுதியின் நிலை. பட்டாசு ஆலைகளிலும், மக்கள் வழக்கில் 'தீப்பெட்டி ஆபீஸ்' எனப்படும் கூடங்களிலும் பெண்கள் பெருந்தொகையினர் பணிபுரிகின்றனர். காலையில் வண்டி வந்துவிடும்; திரும்பும்போது மாலையாகிவிடும். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் வேலை நெருக்கடி. அதன்பின் ஆலைகள் சில காலம் மூடப்பட, கையில் காசில்லா நாட்கள். வெடிமருந்து கையாளும் இடத்தினருகே கைக்குழந்தையைக் கொண்டு செல்வது எண்ணவும் கூடாதது. எனவே குழந்தை பாட்டியின் பொறுப்பிலோ, சற்றே பெரிய அக்காளின் இடுப்பிலோ பகலைக் கழிக்கிறது. தாய்ப்பால் பகலில் இல்லை, கஞ்சி இருமுறை. தாய் அறியாமையுடையவள் என்று பேசுவோர் உண்டு. அவள் அறிவாள், அவளிடம் இல்லாதது பகற்பொழுது. அங்கன்வாடியில் பகல் பதினொரு மணிக்கு எடை பார்த்தால், அறிவுரை கேட்க வேண்டியவள் ஆலையில் இருப்பாள்.

ஆகையால் அறிவுரை பாட்டிக்கும் உரியது. நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்பும், எடையை ஏற்றாது. குழந்தையின் இரைப்பை சிறிது. ஆறு மாதம் நிறைந்ததும் கரண்டியிலிருந்து வழியாத பதத்தில் உணவு தர வேண்டும். கரிசல் நிலத்துக் கம்பும் குதிரைவாலியும், உடன் பாசிப்பயறும் வறுத்து மாவாக்கி, வெல்லமும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டினால் நல்ல உணவு. நிலக்கடலையைப் பொடித்தே சேர்க்க வேண்டும். முழுக்கடலை தொண்டையில் அடைக்கும். ஓராண்டுக் குழந்தைக்கு நாளில் ஐந்து முறை சிறிது சிறிதாக ஊட்டுதல் தகும். அங்கன்வாடியில் தரப்படும் இணையுணவு மாவு வீட்டில் அனைவருக்கும் பங்கிடப்படுவது நாம் அறிந்ததே. பசியுள்ள வீட்டில் அதனைக் குற்றமாகப் பேசிப் பயனில்லை. குழந்தைக்குத் தனிக் கிண்ணம் ஒன்று வைக்கச் சொல்வதே நடைமுறைக்கு ஏற்றது.

மறுபுறம், அதே ஆய்வில் நூற்றுக்கு 4 குழந்தைகள் மிகை எடையினர். அழும் குழந்தையை அடக்க வாங்கித் தரும் பொட்டலத் தின்பண்டம் மெலிந்த குழந்தையின் பசியைக் கொல்லும்; மற்றொரு குழந்தையை ஊதச் செய்யும். ஊதிய குழந்தையைப் பட்டினி போடுதல் தவறு. பொட்டலத்தை நிறுத்தி, வீட்டுணவைத் தந்து, ஓடியாட விட்டால் உயரம் ஏற ஏற எடை தானே ஒழுங்குபடும்.

ஊராட்சி செய்யக்கூடியவை சில உண்டு. மாதத்தில் ஒருநாள் ஆலை வண்டி வருமுன்னரோ, அது திரும்பிய பின்னரோ எடைபார்க்க, அங்கன்வாடிப் பணியாளரின் இசைவுடன் ஏற்பாடு செய்யலாம். அந்நாளில் விளக்கும் குடிநீரும் ஊராட்சியின் பொறுப்பு. எடைக்கருவி பழுதுபட்டிருப்பின் ஐயமற்ற எடையுள்ள பொருளை வைத்துச் சரிபார்த்து, உடனே மேலிடத்திற்கு எழுத வேண்டும். கிராமசபைக் கூட்டங்களில் எத்தனை குழந்தைகள் நிறுக்கப்பட்டனர், எத்தனை பேர் எடை ஏறவில்லை என்ற இரு எண்களை மட்டும், பெயர் கூறாமல், படித்தல் நன்று. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ, இரு பாதங்களும் வீங்கியிருந்தாலோ, அடுத்த எடைபார்ப்பு நாள்வரை காத்திராமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். அழைத்துச் செல்லும் தாய்க்கு அன்றைய கூலி போகும். அவ்வொரு நாளில் பாட்டியுடன் சென்று வர ஆள் ஒருவரை ஊராட்சி முன்கூட்டியே குறித்து வைத்திருக்கலாம்.