தாய்மடியே முதற்பள்ளி
(செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்குத் தொலைவழிப் பெற்றோர் பயிற்சி)

பிறந்த குழந்தையோடு நாம் கொள்ளும் முதல் உறவு செவிவழி உறவேயாகும். இசுலாமிய இல்லங்களில் குழந்தையின் காதில் பாங்கு சொல்லப்படுகிறது. இந்து இல்லங்களில் பெயர் சூட்டும் நாளன்று பெயரைக் காதில் மும்முறை கூறுகின்றனர். தாலாட்டோ எல்லா இல்லங்களுக்கும் பொது. கல்விக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவப் பெருந்தகை, கேள்விக்கும் தனி அதிகாரம் வகுத்தார். இவ்வாறு செவியைப் போற்றும் சமுதாயத்தில், செவிவாயில் பிறவியிலேயே அடைபட்ட குழந்தைக்கு மொழி எவ்வாறு வந்து சேரும்? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காணாமல் நிற்கும் குறை

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அவர்களுள் ஒருவர் முதல் மூவர் வரை செவித்திறன் குறையுடன் பிறக்கின்றனர் என்பது உலக அளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கமுள்ள பகுதிகளில் மரபுவழிக் காரணங்களால் இது கூடுவதும் உண்டு. இக்குறை கண்ணுக்குத் தெரிவதில்லை, வலிப்பதும் இல்லை. குழந்தை சிரிக்கிறது, தவழ்கிறது, தொடக்கத்தில் மழலை ஒலிகளையும் எழுப்புகிறது. “இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான்” என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் கூறுகின்றனர். அந்த ஆறுதலிலேயே பொன்னான இரண்டாண்டுகள் கழிந்துவிடுகின்றன.

மொழியைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் மூளைக்கு முதல் மூன்றாண்டுகளில் மிகுதி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வொன்று, ஆறு மாதத்திற்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள் பின்னர்க் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் முன்னேறி நின்றதைக் காட்டியது. ஒரு மாதத்திற்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்திற்குள் பயிற்சி என்ற நெறி உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பிறவிச் செவிட்டுத்தன்மையையும் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டிய குறைகளுள் ஒன்றாக வைத்துள்ளது.

கருவி மட்டும் போதுமா?

காதொலிக் கருவி பொருத்தியதும், அல்லது ‘காக்ளியர் இம்ப்ளாண்ட்’ எனப்படும் செவிநத்தைக் கருவியை அறுவை மருத்துவத்தால் பொருத்தியதும், குழந்தை பேசிவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். பல இலட்சம் மதிப்புள்ள இவ்வறுவை மருத்துவம் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தின்வழி சிறு குழந்தைகளுக்குக் கட்டணமின்றிக் கிடைப்பது பெரும்பேறு. ஆயினும் கருவி தருவது ஒலியை மட்டுமே. ஒலியைப் பொருளாக்குவது பழக்கம். பழக்கத்தைத் தருவது பேச்சு. அப்பேச்சைத் தருபவர் வீட்டார்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு குழந்தை நாளொன்றுக்குப் பத்து மணிநேரம் விழித்திருப்பதாகக் கொண்டால், வாரத்திற்கு எழுபது மணிநேரம். பேச்சுப் பயிற்சியாளரிடம் செலவிடுவது அதில் ஒரு மணியோ இரண்டு மணியோ. எஞ்சிய நேரமெல்லாம் தாயுடனும் தந்தையுடனும் பாட்டியுடனுமே கழிகிறது. எனவே பயிற்சி முதலில் பெற்றோருக்கே வேண்டும். குழந்தைக்குக் கற்பிக்கும் கலையைப் பெற்றோருக்குக் கற்பிப்பதே பெற்றோர் பயிற்சி என்பதன் சாரம்.

மடலில் பிறந்த முறை

இப்பயிற்சியைத் தொலைவிலிருந்தே தரலாம் என்பது நேற்றுத் தோன்றிய கருத்தன்று. திரைப்பட நடிகர் ஸ்பென்சர் டிரேசியின் துணைவியார் லூயிஸ் டிரேசி, செவித்திறனின்றிப் பிறந்த தம் மகன் ஜானுக்குத் தாமே மொழி பயிற்றியவர். அம்மையார் 1942-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மகன் பெயரால் ஒரு நிலையம் நிறுவினார். அடுத்த ஆண்டிலேயே, நேரில் வர இயலாத பெற்றோருக்கு அஞ்சல்வழிப் பாடங்கள் கட்டணமின்றி அனுப்பப்படலாயின. நாளடைவில் அம்மடல்கள் பல மொழிகளில் பல நாடுகளுக்குச் சென்றன. அன்று அஞ்சல்காரர் செய்த பணியை இன்று கைப்பேசி செய்கிறது.

தமிழகத்தில் செவித்திறன் குறைந்தோர் கல்வி, பாளையங்கோட்டையில் புளோரன்சு சுவெயின்சன் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளியிலிருந்து வேர்விட்டது. மழலைப் பருவத்தினருக்கென்றே 1969-இல் சென்னையில் பால வித்யாலயா தோன்றியது. அங்கே குழந்தையின் கல்வியில் தாய்க்கும் இடம் உண்டு. மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனமும் தாய்மார்களைப் பயிற்றுவிப்பதுடன், தொலைவழிச் சேவையையும் நடத்துகிறது. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்று பயிற்சி நிலையங்களை மூடியபோது, தொலைவழி ஒன்றே வழியென்ற நிலை ஏற்பட்டது. அன்று கட்டாயத்தால் வந்தது பின்னர்ப் பயனறிந்து தொடர்ந்தது.

நம் ஊரும் தொலைவும்

திருச்சிராப்பள்ளியில் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. சிலுவைக் கல்லூரி எனப்படும் ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியல் தனித் துறையாகவே பயிற்றப்படுகிறது. ஆனால் தொலைவு என்பது கிலோமீட்டரால் மட்டும் அளக்கப்படுவதன்று. பச்சைமலை அடிவாரத்திலிருந்தும் துறையூர், தொட்டியம், மணப்பாறைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்தும் வாரந்தோறும் வருவதற்கு ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். காவிரிப் பாலத்தைக் கடந்தால் நகரம் என்றிருக்கும் திருவரங்கத்துத் தாய்க்கும், கைக்குழந்தை ஒன்றும் படுக்கையில் மாமியாரும் இருந்தால், அப்பாலமே நெடுந்தொலைவாகிவிடும். பயிற்சி இடையில் நின்றுபோவதற்கு அன்புக் குறைவு காரணமன்று, அலைச்சலே காரணம்.

பயிற்சி நிகழும் முறை

எடுத்துக்காட்டாக, திருவரங்கத்து வீடொன்றின் அடுக்களையை எண்ணிப் பார்ப்போம். கைப்பேசி அலமாரியில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. மறுமுனையில் பயிற்சியாளர். அவர் குழந்தையோடு பேசுவதில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறார். தாய் தோசை வார்க்கிறாள்; குழந்தை அருகில் நிற்கிறது.

முதலில் கருவி இயங்குகிறதா எனச் சோதிக்க வேண்டும். டேனியல் லிங் என்னும் அறிஞர் வகுத்த ஆறு ஒலிகளான ‘ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ்’ என்பவற்றைத் தாய் வாயை மறைத்துக்கொண்டு ஒலிக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் குழந்தை திரும்புகிறதா என நோக்குகிறாள். பேச்சொலிகளின் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை இவ்வாறும் அளந்துவிடுகின்றன. பின்னர்த் தொலைக்காட்சியும் மிக்சியும் நிறுத்தப்படுகின்றன. குழந்தைக்குக் கைக்கெட்டும் தொலைவில் தாய் அமர்கிறாள்.

“இது என்ன? சொல்லு, சொல்லு” எனத் தாய் கேட்கும்போது பயிற்சியாளர் மெல்லக் குறுக்கிடுகிறார். கேள்விகளைக் குறைத்து, குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசச் சொல்கிறார். “தோசை. சூடான தோசை. அம்மா தோசையைத் திருப்புறேன்.” பிறகு ஐந்து நொடி வாய்மூடிக் காத்திருக்கச் சொல்கிறார். அந்த மௌனத்தில்தான் குழந்தையின் முறை வருகிறது. குழந்தை “தோ” என்றால், “ஆமாம், தோசை வேணும்” என்று தாய் விரித்துரைக்கிறாள். ஒரு சந்திப்பில் ஓர் உத்தியே போதும். அதைக் குளிக்கையிலும் உடுத்துகையிலும் கடைக்குச் செல்கையிலும் வாரம் முழுதும் பயன்படுத்தி, குழந்தை அறிந்துகொண்ட சொற்களைக் குறித்துவைப்பது தாயின் வீட்டுப்பாடம். பயிற்சியாளர் நேரில் இல்லாததே இங்கு நன்மையாகிறது. குழந்தையின் ஆசிரியர் தாம்தான் என்பதைத் தாய் உணர்ந்துவிடுகிறாள்.

தமிழின் தனித்தன்மை

தமிழ் பயில்வோர் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தமிழில் இலக்கணப் பொருள் பெரிதும் சொல்லின் இறுதியிலேயே நிற்கிறது. வந்தான், வந்தாள், வந்தது. வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து என்பவற்றில் வேறுபாடு கடைசியில் மெல்லென ஒலிக்கும் பகுதியில் உள்ளது. செவித்திறன் குறைந்த குழந்தைக்கு முதலில் நழுவுவதும் அப்பகுதியே. ஆகவே ஈற்றைச் சற்றே நீட்டியும் அழுத்தியும் கூறத் தாய்க்குப் பயிற்சி வேண்டும். உதட்டைப் பார்த்தே அறியட்டும் என விடுவதும் போதாது. ‘படி’, ‘மடி’ இரண்டும் உதட்டில் ஒன்றே. ககரமோ உதட்டில் தெரிவதே இல்லை. ஆங்கிலத்திற்கென வகுத்த பாடங்களை அப்படியே பெயர்த்தால் இந்நுட்பங்கள் விடுபட்டுப்போகும்.

எந்தத் தமிழ் என்ற ஐயம் எழலாம். வீட்டில் வழங்கும் பேச்சுத் தமிழே முதலில் வேண்டும். எழுத்துத் தமிழ் பள்ளிப் பருவத்தில் தொடரும். உருது பேசும் வீட்டில் உருதுவும், சௌராட்டிரம் பேசும் வீட்டில் சௌராட்டிரமுமே தாய்க்கு இயல்பாக வரும். தாய் தடுமாறிப் பேசும் மொழியில் குழந்தை செழிக்காது.

எல்லையும் கடமையும்

தொலைவழிக்கு எல்லைகளும் உண்டு. செவிச் சோதனையும் காதின் அச்செடுத்தலும் நேரிலேயே நடக்க வேண்டும். கைப்பேசி இணைப்பு அறுந்துபோகும் ஊர்களில், முன்கூட்டி எடுத்தனுப்பிய சிறு காணொலியைப் பார்த்துச் சாதாரண அழைப்பில் வழிகாட்டலாம். கருவியால் பெரும்பயன் அடையாத குழந்தைகளும் உளர். இந்தியச் சைகை மொழி இலக்கண வளம் நிறைந்த முழுமையான மொழி. அதன் ஆய்வுக்கென 2015-இல் புதுதில்லியில் தனி நிறுவனமே அமைந்துள்ளது. அதைக் கற்பதும் தோல்வியன்று. எவ்வழியாயினும் மொழியின்றி ஒரு குழந்தை வளர்வதுதான் இழப்பு.

மாணவர்கள் செய்யக்கூடியவை பல. வட்டார வழக்கில் எளிய படக்கதைகள் எழுதலாம். பாட்டிமார் பாடும் தாலாட்டுகளையும் விளையாட்டுப் பாடல்களையும் தொகுத்துத் தாய்மார்களுக்கு அளிக்கலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் கைப்பேசி இணைப்பு ஏற்படுத்தித் தரலாம். சமுதாயப் பெரியோர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. “தானாகப் பேசும்” என்னும் சொல்லை விடுத்து, “உடனே காதைச் சோதித்துப் பாருங்கள்” என்று சொல்ல வேண்டும். பெரியவர் வாயிலிருந்து வரும் அவ்வொரு சொல் ஒரு குழந்தைக்கு ஆயிரம் சொற்களை ஈட்டித் தரும்.