கிரவல் குழியும் களையும்: ஒரு சமூக நோக்கு

தமிழிற் ‘களை’ என்னும் பெயர் ‘களைதல்’ என்னும் வினையோடு பிணைந்தது. அகற்றப்பட வேண்டியது எதுவோ அதுவே களை. ஆகவே ஒரு செடியைக் களையாக்குவது அதன் தாவரவியற் பண்பு மட்டுமன்று. நிலத்தில் உழைக்கும் மனிதரின் தேவையுமாகும். வன்னியின் கிரவல் குழிகளை முன்வைத்து இதனை நோக்கலாம்.

வீதிகளுக்காகக் கிரவல் அகழப்படும்போது மேல்மண் முதலில் ஒதுக்கித் தள்ளப்படுகிறது. நிழல் தந்த மரமும் நிலத்தை மூடிய புல்லும் அதனோடு அழிகின்றன. எஞ்சிய வெற்றுத்தரையை விரைந்து கைப்பற்றுவன அந்நியச் செடிகளே. அவற்றுள் முதன்மையானது பாதீனியம். வெப்பமண்டல அமெரிக்காவுக்குரிய இச்செடி, 1987-1990 காலப்பகுதியில் இந்திய அமைதிகாக்கும் படையின் வருகையோடு வடபகுதியை அடைந்ததென்பது பரவலான கருத்து. நாயுண்ணியோ 1826இல் பேராதனைத் தாவரவியற் பூங்கா வழியாக அழகுச்செடியாக வந்தது. ஒன்று போரோடும் மற்றையது குடியேற்ற ஆட்சியோடும் வந்தமை மனங்கொள்ளத்தக்கது.

பாதீனியம் முளைத்து ஏறத்தாழ நான்கு வாரங்களிற் பூக்கத் தொடங்கும். ஒரு செடி 10,000க்கும் மேற்பட்ட வித்துகளை உதிர்க்கவல்லது. எனவே பூக்குமுன், மழையால் மண் இளகியிருக்கையில், வேரோடு பிடுங்குதலே தக்க முறை. வித்து முற்றியபின் பிடுங்குதல் அதனைப் பரப்புவதாகவே முடியும். நாயுண்ணி வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்ப்பதால் அதனை வேரோடு கிண்டி அகற்றல் வேண்டும். வித்துகள் மண்ணிற் பல ஆண்டு உயிர்த்திருக்குமாதலின் ஒருமுறைத் துப்புரவு போதாது. ஒவ்வொரு மழையின் பின்னும் பணி தொடர வேண்டும். அகழ்வு முடிந்த பகுதியில் மேல்மண்ணை மீளப் பரப்பி, தகரை, ஆவாரை போன்றவற்றை வளர்த்தால் களைக்கு இடம் குறையும்.

ஆயின் இவ்வுழைப்பு யாருடையது என்பதே அடிப்படை வினா. வித்து குழியோடு நிற்பதில்லை. கிரவலோடும் லொறிச் சில்லுகளில் ஒட்டிய சேற்றோடும் பயணஞ்செய்து வீதியோர வயலை அடைகிறது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் காணிக்குரியவரையே களைக்குப் பொறுப்பாக்குகிறது. கிரவலின் இலாபம் ஒப்பந்தகாரருக்கு. களையின் செலவு சிறு கமக்காரருக்கு. நாட்கூலிக்கு வெறுங்கையாற் பிடுங்கும் பெண்ணுக்கோ பாதீனியம் தோல் அழற்சியையும் மூச்சிரைப்பையும் கூலியோடு சேர்த்துக் கொடுக்கிறது.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டம் அகழ்வை உரிமத்துக்கு உட்படுத்துகிறது. களையகற்றலை உரிமத்தின் நிபந்தனையாகவும் அகழ்வுச் செலவின் பகுதியாகவும் ஆக்குதல் வேண்டும். சில்லுகளைக் கழுவுதல், களை பூத்த குவியலிலிருந்து ஏற்றாமை, தொழிலாளருக்குக் கையுறையும் உரிய கூலியும் வழங்கல் என்பன அதன் குறைந்தபட்சக் கூறுகள். நிலத்தைக் கிண்டி இலாபம் பெறுபவரே அதனைச் செப்பனிடவும் கடமைப்பட்டவர். இப்பொறுப்பு இடம்மாறும்வரை, ஆண்டுதோறும் எத்துணைச் செடிகளைப் பிடுங்கினும் களையின் வேர் அகலாது.